பக்கத்தில் தெரியாத பெட்டி

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. முதலில் அந்த வாரியத்தின் பெயரிலேயே தடுமாற்றம். கொங்கு மண்டல இணைய அணுகல் மேம்பாட்டு வாரியம் என்றுதான் கடைசியில் பலகையில் எழுதியிருந்ததாக நினைக்கிறேன். அதற்கு முன்னால் வேறு பெயர். அதற்கும் முன்னால் இன்னொன்று. பெயர் மாறியபோதெல்லாம் விழா எடுத்தார்கள், விழா எடுத்தபோதெல்லாம் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். நான் சொல்ல வரும் விழா நடந்த மண்டபத்தில் ஏசி ஓடியதா மின்விசிறி ஓடியதா என்றுகூட எனக்கு இப்போது சொல்லத் தெரியாது. ஆனால் அன்று ஒலிபெருக்கியில் வந்த வாக்கியங்கள் மறக்கவில்லை. அங்கே இருந்த யாருக்கும் மறந்திருக்காது.

பார்வையில்லாதவர்களும் மற்றவர்களைப் போலவே இணையத்தைப் பயன்படுத்த வழி செய்வதற்காக ஏற்பட்டது அந்த வாரியம். அலுவலகம் சிங்காநல்லூரில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். லிஃப்ட் இருந்தது. அதற்குள் பழைய பெயர்ப்பலகைகளை அடுக்கி வைத்திருந்ததால் எல்லோரும் படியேறித்தான் போக வேண்டும்.

வாரியத்தின் தலைவர் சீனிவாசலு. சொந்தமாக நூல் மில் வைத்திருந்தவர். செயலர் பாலுசாமி. பல அலுவலகங்களைப் பார்த்து, எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடாமல் தப்பித்து வந்தவர். இவர்களுக்குக் கீழே, இணையதளத்தில் படம் ஏற்றுவதற்கென்று தேஜஸ்ரீ என்ற ஒப்பந்த ஊழியர். வாரியத்தில் வேலை செய்தது அவள் ஒருத்திதான்.

அந்த இணையதளத்தில் ஒரு படத்தை ஏற்றினால் அதற்குக் கீழே ஒரு பெட்டி திறக்கும். அதில் ஏதாவது எழுதினால்தான் படம் ஏறும். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கான இடம் அது. மாற்று உரை என்பார்கள். பார்வையுள்ளவர் பக்கத்தைத் திறந்தால் அந்த எழுத்து தெரியாது. பார்வையில்லாதவர்கள் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்திருப்பார்கள். திரையில் உள்ளதை அது குரலில் படித்துச் சொல்லும். படம் வந்ததும், பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் வாரியத்தின் வேலை. வாரியத்தில் இது யாருக்கும் தெரியாது.

"சார், இந்தப் பெட்டியில ஏதாச்சும் அடிக்கோணுங்க. இல்லீன்னா படம் ஏற மாட்டேங்குது" என்றாள் தேஜஸ்ரீ, முதல் நாளே.

"அடிச்சா எங்க வரும்?"

"எங்கயும் வரலீங்க சார். பேஜைத் தொறந்து பார்த்துட்டேன். தெரியறதே இல்லீங்க."

பாலுசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுதினால் யாருக்கும் தெரியாத ஓர் இடத்தை அவர் தம் உத்தியோக காலம் முழுக்கத் தேடியிருந்தார்.

"அப்படீன்னா நம்ம சங்கதிய அதுலயே எழுதிக்கலாம் கண்ணு. வாட்ஸப்புல எழுதினா எவனாச்சும் எவனுக்காச்சும் அனுப்பிப்போடறான்."

அன்று முதல் அதுதான் வழக்கம். தேஜஸ்ரீ படத்தை ஏற்றுவாள். தலைவர் மில்லில் இருந்தபடியே பெட்டியைத் திறந்து தம் உத்தரவை எழுதுவார். செயலர் அதற்குக் கீழே பதில் எழுதுவார். தேஜஸ்ரீ அதைப் படித்துப் படத்தை வெட்டுவாள், ஒட்டுவாள், தலைவரின் முடிக்குக் கறுப்பு ஏற்றுவாள். வேலை முடிந்ததும் படம் தளத்தில் நிற்கும். அவர்கள் எழுதியதும் அதனோடேயே நிற்கும்.

செவ்வந்தியின் ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கம். பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பனும் ஆத்தாளும் பண்ணைக்காட்டில் வேலை செய்தவர்கள். அவள் கோயமுத்தூரில் படித்து, ஒரு மில்லில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு மில்லுக்கு அவள் தேவைப்படவில்லை. வாரியத்தில் 'அணுகல் ஆய்வாளர்' என்ற பதவிக்கு ஆள் எடுக்கப்போவதாகவும், பார்வையில்லாதவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றும் கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இது போனால் அவள் எழுதிப்போட வேறு அரசு வேலை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய், அண்ணன் வீட்டில் யாராவது கைபிடித்துக் கூட்டிப்போகும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதிகம் பேசாதவள். யாராவது ஏதாவது கேட்டால், கேட்டவரே மறந்துபோகும் அளவுக்கு நேரம் எடுத்துப் பதில் சொல்வாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த சாயிரா பானு இதற்கு நேர்மாறு. அவளுக்கும் பார்வை இல்லை. ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலை. பேசாமல் இருந்தால் மூச்சு முட்டும்.

நேர்முகத் தேர்வு அறிவிப்பு வாரியத்தின் பக்கத்தில்தான் வரும் என்று சொல்லியிருந்ததால் செவ்வந்தி தினமும் அதைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை முகப்பில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. ஸ்க்ரீன் ரீடர் தன் சுரத்தில்லாத குரலில் வாசித்தது:

"படம். பாலுசாமி, இது நம்ம ரோஹனுக்கு உண்டானது. ஓரமாப் போடச் சொல்லுங்க. பொழுதோட எடுத்துருங்க. நாளைக்குக் காலையில தேர்வை முடிச்சுப்போடலாம். ஆகட்டுங்க சார், வேற யாரும் வராம நான் பார்த்துக்கறனுங்க."

செவ்வந்தி மறுபடி கேட்டாள். மறுபடியும் அதேதான். படத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. எதைப் பற்றியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் திறந்தபோது அந்தப் படம் முகப்பில் இல்லை.

மறுநாள் மதியம் வாரியத்துக்குப் படியேறிப் போனாள்.

"ஏனுங்க சார், அந்த ஆய்வாளர் வேலைக்கு நேர்காணல் எப்பவுங்க?"

"அடடா, காலையிலதானே முடிஞ்சுது அம்மணி. நேத்து முறைப்படி பக்கத்துல அறிவிப்புப் போட்டமே! நல்லாப் பெரிய எழுத்து. மஞ்சள்ல சிவப்பு. போட்டோவாவே போட்டிருந்தோம். கண்ணிருக்கற யாரும் அதைப் பார்க்காமத் தாண்ட முடியாதுங்க."

"கண்ணில்லாதவங்களுக்கு உண்டான வேலைங்களே சார்."

"அதுக்குத்தானுங்க இந்த வாரியமே இருக்குது" என்றார் பாலுசாமி.

செவ்வந்தி வாயைத் திறந்தாள். "உங்க படத்துல சார்..." என்று தொடங்கினாள்.

"குறை இருந்தா எழுத்துல குடுங்க. ஆனா சும்மா குடுக்கக் கூடாது. பக்கத்துல எந்த இடம் சரியில்லையோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்த இடத்தைச் சிவப்பு மையில வட்டம் போட்டுக் காட்டோணும். அதுதான் விதி. பார்வையில்லாதவங்க புகாருக்குன்னே தனியா நாங்க வகுத்த விதி. வேற எந்த மாவட்டத்துலயும் கிடையாதுங்க."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாலுசாமி பேனாவைத் திறந்தார், மூடினார். தண்ணீர் குடித்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார், குறைத்து வைத்தார். எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு விதி எதுவும் வகுத்திருக்கவில்லை.

"சரிங்க சார். கொண்டு வாரேனுங்க" என்று கடைசியில் எழுந்தாள்.

அன்று சாயங்காலம் சாயிரா பானு கொதித்தாள். "பேப்பர்காரங்களுக்குப் போனப் போடுவோம் புள்ள. கிழி கிழின்னு கிழிச்சுப்போடுவாங்க."

செவ்வந்தி தலையை ஆட்டி மறுத்தாள். "போட்டா, ஒரு நிமிசத்துல எல்லாத்தையும் அழிச்சுப்போடுவாங்க. அப்பறம் நம்ம சொன்னதுக்கு என்ன சாட்சி இருக்குது? நமக்குக் கேக்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரியற அன்னைக்கு எல்லாருக்கும் சேர்த்துத் தெரியோணும்."

அதன்பின் இருவரும் அந்தத் தளத்தின் புகைப்படத் தொகுப்பைத் தினமும் கேட்க ஆரம்பித்தார்கள். முகப்பிலிருந்து எடுத்த படங்கள்கூடத் தொகுப்பில் அப்படியே கிடந்தன. எதையாவது அழிக்க வேண்டுமென்றால் செயலர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்தான் கையெழுத்தே போடாதவராயிற்றே.

ஸ்க்ரீன் ரீடரை இவர்கள் கேட்கும் வேகம் பழக்கமில்லாதவர் காதுக்கு எட்டாது. வண்டு ரீங்காரம் போலத்தான் இருக்கும். அந்த ரீங்காரத்துக்குள்ளிருந்து தலைவரும் செயலரும் பேசினார்கள்.

மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாப் படம் பேசியது: "பாலுசாமி, வண்டிய மதியத்துக்குள்ள வாடகைக்காரன்கிட்டத் திருப்பி விட்டுருங்க. வாங்கினவன் இறங்க மாட்டேங்கறான் சார். இறக்கி விடுங்க."

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத் திறப்பு விழாப் படம்: "சார், சாய்தளம் ஏணி மாதிரி நட்டுக்க நிக்குதுங்க. சாய்தளத்தை வெட்டிப்போட்டு ரிப்பனை மட்டும் போடச் சொல்லுங்க."

பார்வையில்லாதவர்களுக்கான வெண்கோல் தினப் படம்: "ஆள் யாரும் வரலீங்க சார். நம்ம வாட்ச்மேனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி நிறுத்தியிருக்குதுங்க. அவன் ஏன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கறான்? வேற படம் போடு."

சாயிரா பானு சும்மா இருப்பாளா? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், பவானியில் ஒருத்தி, தாராபுரத்தில் ஒருவர், எல்லாருக்கும் சுட்டியை அனுப்பினாள். யாரும் வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொங்கு நாட்டில் பார்வையில்லாத பாதிப் பேர் பொழுது சாய்ந்ததும் வாரியத்தின் தளத்தைத் திறந்தார்கள். வாரியத்தின் ஆண்டறிக்கை, தளத்துக்கு வருகிறவர் எண்ணிக்கை பெருகியதைத் தலைவரின் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்று குறித்தது.

"இன்னைக்கு எபிசோடு கேட்டியா புள்ள?" என்றாள் சாயிரா பானு ஒருநாள், சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு. "உன்ற வேலை யாருக்குப் போச்சுன்னு வந்திருக்குது."

செவ்வந்தி கேட்டாள். பணியேற்புப் படம். "சார், ரோஹன் தம்பி கையில ஹெல்மெட்டும் புல்லட் சாவியும் இருக்குதுங்க. வெட்டிப்போடு. கண்ணாடியக் கறுப்பாக்கு. அவன் பேப்பர் படிச்சுட்டு நிக்கறான் பாரு, அதையும் எடு. என்ற தங்கச்சி பையன்னு எங்கயும் வரக் கூடாது."

செவ்வந்தி சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மறுபடி ஓட விட்டாள். இந்தத் தடவை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக. எவ்வளவு குறைத்தால் பார்வையுள்ளவர் காதுக்கு ஒரு சொல்லும் தப்பாமல் போய்ச் சேரும் என்று பார்ப்பவள் போல.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு கணினி நிரல் எல்லா வாரியங்களின் தளங்களையும் சோதித்தது. படங்களுக்குக் கீழே பெட்டி காலியாக இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். மற்ற தளங்களில் பாதிப் பெட்டிகள் காலி. இங்கே ஒரு பெட்டிகூடக் காலியில்லை. பெட்டி பெட்டியாகப் பத்தி பத்தியாக எழுத்து. 'சிறந்த மாற்று உரைக்கான விருது' வாரியத்துக்கு என்று உத்தரவு வந்தது.

"மாற்று உரைன்னா என்னுங்க சார்?" என்று கேட்டாள் தேஜஸ்ரீ.

"அது கிடக்குது. நம்மகிட்ட நிறைய இருக்குதாம்" என்றார் பாலுசாமி.

விருது கொடுக்கத் துறைச் செயலர் அம்மையாரே வருகிறார் என்றும், மேடையில் ஒரு பயனாளி தளத்தை இயக்கிக் காட்ட வேண்டும் என்றும் அடுத்த கடிதம் சொன்னது. வாரியத்துக்குத் தெரிந்த பயனாளி ஒருத்திதான். பாலுசாமி தாமே செவ்வந்தியைப் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. மேடையில தலைவர் பக்கத்துல உட்காரற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்குமா? முடிஞ்சதும் பிரியாணி உண்டு."

"சரிங்க சார்" என்றாள் உடனே. அவள் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. தலைவர் முன்னிலையில் செவ்வந்தி மடிக்கணினியை இயக்கினாள்.

"எந்தப் பக்கத்தத் தொறக்கட்டுங்க?"

"புகைப்படத் தொகுப்பத் தொற கண்ணு. நான் செஞ்சதெல்லாம் அதுலதான் இருக்குது" என்றார் சீனிவாசலு.

அவள் திறந்தாள். தன் வழக்கமான வேகத்தில் ஓட விட்டாள். வாடகை வண்டி, வாட்ச்மேன், புல்லட் சாவி எல்லாம் அந்த அறையில் அவர்கள் காதுக்கு நேராகவே பறந்து போயின. சீனிவாசலு தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன வேகம், என்ன வேகம்! ஒரு எழுத்துப் புரியலையே! பாருங்க பாலுசாமி, டெக்னாலஜின்னா இதுதான்."

"நல்லாச் சொல்லுதுங்களா அம்மணி?" என்று கேட்டார் பாலுசாமி.

"ரொம்பத் தெளிவாச் சொல்லுதுங்க சார். எதையுமே மறைக்கறதில்லீங்க."

"நாளைக்கும் இதையே ஓட்டுங்க" என்றார் தலைவர்.

அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் மில் முதலாளிகள், அதிகாரிகள், நிருபர்கள். கறுப்புக் கண்ணாடியோடு ரோஹனும் அங்கே. பின்வரிசைகளை வாரியம் காலியாக விட்டிருந்தது. ஆனால் காலையிலேயே பவானியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் வெண்கோல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு அவற்றை நிரப்பியிருந்தார்கள். சாயிரா பானு நடுவில். யாரும் பேசவில்லை. அவள்கூடப் பேசவில்லை.

சீனிவாசலு பேசினார். "பார்வை இல்லாதவங்களுக்கு நாங்கதான் பார்வை. அவங்களுக்கு எது வேணும், எது வேண்டாம்னு அவங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும். எங்க வாரியத்துல ஒளிவு மறைவு கிடையாது. நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் அந்தத் தளத்துல இருக்குது. யார் வேணும்னாலும் கேட்டுக்கலாம்."

பின்வரிசை பலமாகக் கைதட்டியது. தலைவர் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார்.

செவ்வந்தி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் மூன்று சக்கர வண்டிப் படம் பெரிதாக விழுந்தது. அவள் விரல் ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டியது. ரீங்காரம் மெதுவாகி, மெதுவாகி, மனிதக் குரலாக மாறியது. ஒலிபெருக்கி நிதானமாகச் சொன்னது:

"படம். பாலுசாமி, வண்டிய மதியத்துக்குள்ள வாடகைக்காரன்கிட்டத் திருப்பி விட்டுருங்க."

முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

"வாங்கினவன் இறங்க மாட்டேங்கறான் சார்" என்றது குரல்.

"இறக்கி விடுங்க!" என்று பின்வரிசை முழுக்க ஒரே குரலில் முடித்தது. அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

அடுத்த படம். அதற்கடுத்த படம். குரல் பாதி சொல்லும், பின்வரிசை மீதியைச் சொல்லும். வாட்ச்மேன் கேமராவைப் பார்த்துச் சிரித்தது வந்தபோது அம்மையார் கையிலிருந்த விருதை மேசைக்கு அடியில் இறக்கி வைத்தார்.

சீனிவாசலு ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "நிறுத்துங்க! இது எங்க ஆபீசுக்குள்ள பேசிக்கறது! இதெல்லாம் யாரும் பார்க்கறதுக்காக எழுதினது இல்லீங்க!"

"யாரும் பார்க்கலீங்க" என்றாள் செவ்வந்தி. "எங்களுக்குப் பார்க்கத் தெரியாதுங்களே."

பாலுசாமி ஓடிப்போய் மேடைக்குப் பின்னால் கையில் அகப்பட்ட வயரை இழுத்தார். திரை இருண்டது. படங்கள் போய்விட்டன. குரல் போகவில்லை. இப்போது மண்டபத்தில் எல்லாருக்கும் பின்வரிசைக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் தெரிந்தது.

"படம். சார், ரோஹன் தம்பி கையில ஹெல்மெட்டும் புல்லட் சாவியும் இருக்குதுங்க" என்றது குரல்.

ரோஹன் கண்ணாடியைக் கழற்றினான். நாற்காலிகளுக்கும் கால்களுக்கும் இடையே எதிலும் இடிக்காமல் விறுவிறுவென்று வாசலுக்குப் போனான். வெளியே புல்லட் கிளம்பும் சத்தத்தைப் பின்வரிசைதான் முதலில் கேட்டது. "போகுது, போகுது" என்று அறிவித்தாள் சாயிரா பானு.

கடைசியாக அந்த அறிவிப்புப் படத்தை எடுத்தாள் செவ்வந்தி. ஓரமாகப் போடச் சொன்னது, பொழுதோடு எடுக்கச் சொன்னது, வேறு யாரும் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது எல்லாவற்றையும் குரல் வரிசையாகச் சொல்லி முடித்தது. இதைப் பின்வரிசை கூடச் சேர்ந்து சொல்லவில்லை. அவளுக்காக விட்டிருந்தார்கள்.

அவள் எழுந்து பாலுசாமி மூச்சு வாங்கும் திசையைப் பார்த்து நின்றாள்.

"ஸ்க்ரீன்ஷாட் கேட்டீங்களேங்க சார்" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச வகையில கொண்டு வந்திருக்கறேனுங்க. சிவப்பு வட்டம் நீங்க போட்டுக்கோங்க."

பிரியாணியைப் பின்வரிசைக்காரர்கள் சாப்பிட்டார்கள். முன்வரிசையில் யாருக்கும் பசியில்லை.

அதன்பின் என்ன ஆயிற்று என்றால், விசாரணை நடந்தது. பாலுசாமி தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கையெழுத்துப் போட்டார், தம் இடைநீக்க உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்காக. ரோஹன் இப்போது தாராபுரத்தில் பழைய பைக் வாங்கி விற்கிறான். கண் நன்றாகத் தெரிகிறது. தேஜஸ்ரீ அதே நாற்காலியில் நிரந்தரமாக்கப்பட்டாள். சாயிரா பானு கேஸ் ஏஜென்சியில்தான் இருக்கிறாள்; சாயங்காலங்களில் கேட்க ஒன்றுமில்லை என்று குறைப்படுகிறாள். லிஃப்டுக்குள் இருந்த பலகைகளை எடுத்துவிட்டார்கள்.

நேர்முகத் தேர்வு, விண்ணப்பித்தவர்கள் எல்லாருக்கும் போன் செய்து சொல்லி, மறுபடி நடந்தது. செவ்வந்தி அணுகல் ஆய்வாளர் ஆனாள். பெட்டியில் இருப்பதை அவள் கேட்டுச் சரி என்று சொல்லாமல் எந்தப் படமும் தளத்தில் ஏற முடியாது.

சீனிவாசலு உடல்நலம் கருதித் தலைவர் பதவியிலிருந்து விலகினார். வழியனுப்பு விழா நடந்தது, பொன்னாடை வந்தது, படம் எடுத்தார்கள். அந்தப் படம் தளத்தில் வர வேண்டுமென்று இன்றுவரை மில்லிலிருந்து ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேஜஸ்ரீயும் விளக்கம் எழுதி எழுதி அனுப்புகிறாள். இன்னும் ஏறவில்லை. படத்தில் இருப்பது யார் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்று செவ்வந்தி ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புகிறாள்.